செங்கோல்மேரியும் இறங்காத கிரீடமும்

புதன்கிழமை காலை பதினோரு மணி இருக்கும். அங்கன்வாடியில் பிள்ளைகளுக்கு முட்டை உரித்துக்கொண்டிருந்தேன். செங்கோலோடு நடவுக்குப் போகிற லூர்து வாசலில் வந்து நின்றாள். முழங்கால் வரைக்கும் சேறு. கையில் ஒரு பிடி நாற்று. அதைக் கீழே போடக்கூடத் தோன்றாமல் வயலிலிருந்து அப்படியே ஓடி வந்திருக்கிறாள்.

"டீச்சரு, செங்கோலு வரப்புல சாஞ்சிட்டா. கூப்ட்டுக்கினே கீறோம், கண்ணத் தொறக்க மாட்டேங்கறா."

"மயக்கமா இருக்கும், மூஞ்சில தண்ணி தெளிங்க" என்று சொல்லிவிட்டு நான் அடுத்த முட்டையை எடுத்தேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் நடந்தது அதுதான். லூர்து போகவில்லை. நின்ற இடத்திலேயே நின்று என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையைக் கண்டுதான் முட்டையைப் போட்டுவிட்டு எழுந்தேன். 108 வண்டி வந்தது. உத்திரமேரூர் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். போய்ச் சேர்வதற்கு முன்பே உயிர் போயிருந்தது. மாரடைப்பு என்றார்கள். ஐம்பத்திரண்டு வயதுதான். காலையில் ஏழு மணிக்கு என் வீட்டு வாசல் வழியாக நடந்து போனவள், மூன்று மணிக்கு அதே வழியாக வெள்ளைத் துணி சுற்றி வந்தாள். என்ன கணக்கு இது, சேசுவே!

இன்றைக்கு அவளுடைய முப்பதாம் நாள் பூசைக்கு வந்திருக்கும் உங்களுக்கு அவளைத் தெரியும். பெருநகர் கிராமத்துப் பக்கமிருந்து வந்திருக்கும் உறவுக்காரர்களுக்கு அவள் செங்கோலு. காலனிப் பிள்ளைகளுக்குச் செங்கோலு அத்தை. நடவுக்கு ஆள் வேண்டுமென்று வருகிற நிலக்காரர்களுக்கு 'கொத்துக்கார அம்மா'. இருபது பெண்களைச் சேர்த்து வயலில் இறக்கி, மாலைக்குள் நட்டு முடித்துக் கரையேற்றுகிற தலைவி அவள். இந்த நினைவுரையில் மரியாதைக்காக 'அவர்' என்று எழுதலாமே என்று ஃபாதர் சொன்னார். எழுதிப் பார்த்தேன். யாரோ வெளியூர்க்காரியைப் பற்றி எழுதுவது போல இருந்தது. அடித்துவிட்டேன். இருபத்துமூன்று வருடம் நானும் அவளும் சேர்ந்து நம் கோயில் மாதாவுக்குப் புடவை மாற்றியிருக்கிறோம். அவள் எனக்கு அவள்தான்.

புடவை மாற்றுவது என்றால் சும்மா இல்லை. அன்றைக்குப் பீடத்துக்கு முன்னால் திரையை இழுத்துவிடுவாள். ஆம்பளைகள் எல்லாரும் வெளியே போக வேண்டும், கோயில் காரியம் பார்க்கிற உபதேசியார் உள்பட. ஒரு தடவை புது ஃபாதர் தெரியாமல் உள்ளே வந்துவிட்டார். "சாமி, ஒங்க அம்மா துணி மாத்தும்போது இப்பிடித்தான் வந்து நிப்பீங்களா?" என்று ஒரு கேள்விதான் கேட்டாள். மனிதர் செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினார். திரைக்குள்ளே அவள் சுரூபத்தோடு பேசிக்கொண்டே இருப்பாள். "இரு தாயே, கை மடிப்பு சரியா வரல. குளிருதா? தோ, ஆச்சு." பிளாஸ்டரில் செய்த நாலடிச் சுரூபம், அதற்குக் குளிருமா என்று நான் கிண்டல் செய்வேன். "ஒங்களுக்கு படிப்பு ஜாஸ்தி டீச்சரக்கா, அதான் ஒண்ணும் தெரிய மாட்டேங்குது" என்பாள்.

எனக்கு மாதா என்றால் முதலில் ராணிதான். சின்ன வயதில் மடத்துப் பள்ளியில் படித்தவள் நான். மாதாவை ஆன்மாவோடும் உடலோடும் மேலே எடுத்துக்கொண்டார்கள், மகனே கையால் முடி சூட்டினார், சம்மனசுகள், அந்தத் தேவதூதர்கள், சுற்றி நின்றார்கள் என்று செபமாலையின் கடைசி இரண்டு மறைபொருள்களில் வரும்போதெல்லாம் எனக்கு மயிர்க்கூச்செறியும். நம் தெருவில் பிறந்த ஒருத்திக்கு யாரும் நாற்காலி போட்டதில்லை. ஒரு ஏழைத் தச்சன் வீட்டுப் பெண்ணுக்கு மோட்சத்தில் சிம்மாசனம் போட்டிருக்கிறார்கள் என்றால் அதைவிடப் பெரிய செய்தி எனக்கு வேறு எது? செங்கோலுக்கு அப்படி இல்லை. "ராணிய நாம எங்க பாத்திருக்கோம்? அம்மாவ பாத்திருக்கோம். கிரீடம் அவ புள்ள ஆசையா வச்சது. அவ அதுக்கோசரம் அங்க போவல, புள்ள அங்க கீறான்னு போனா" என்பாள். இதை வைத்தே எத்தனையோ மத்தியானம் சண்டை போட்டிருக்கிறோம்.

நம் கோயிலில் ஒரு வழக்கம் இருக்கிறது. தெருவில் சாவு விழுந்தால், மேளம் அடிப்பதற்கு முன்னால் மாதா தலையிலிருந்து கிரீடத்தை இறக்கிக் காலடியில் வைத்துவிட வேண்டும். கல்லறையிலிருந்து திரும்பி வந்த பிறகுதான் மறுபடி ஏற்ற வேண்டும். வேறு எந்தக் கோயிலிலும் இது கிடையாது. வெளியூரிலிருந்து வருபவர்கள் ஏதோ பழைய சம்பிரதாயம் என்று நினைக்கிறார்கள். பழையது இல்லை. அது ஆரம்பித்த அன்றைக்கு நான் பக்கத்தில் இருந்தேன்.

அவளுக்கு ஆரோக்கியம் என்று ஒரு பெண் இருந்தாள். ஆறு வயது. என் அங்கன்வாடியில் படித்துவிட்டு அந்த வருடம்தான் ஒன்றாம் வகுப்புக்குப் போனாள். நாலு நாள் காய்ச்சல், அவ்வளவுதான். குழந்தையை வாசலில் பெஞ்சில் கிடத்தியிருந்தார்கள். செங்கோல் அழவில்லை. விறுவிறுவென்று எழுந்து கோயிலுக்குப் போனாள். ஏதாவது செய்துகொள்ளப் போகிறாள் என்று பயந்து நானும் பின்னாலேயே ஓடினேன். அவள் நேராகப் பீடத்தின் மேல் ஏறினாள். "எம்பொண்ணு வாசல்ல கெடக்குது. நீ இங்க கிரீடம் வச்சிக்கினு நிக்கிறியா? எறக்குடீ!" என்று கத்திக்கொண்டே பித்தளைக் கிரீடத்தைப் பிடுங்கிக் கீழே வைத்தாள். மாதாவை 'டீ' போட்டுப் பேசி அதுவரை நான் கேட்டதில்லை. இடி விழப்போகிறது என்றே நினைத்தேன். அவளோ அந்த வெறுந்தலையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு சுரூபத்தின் இடுப்பைக் கட்டிக்கொண்டு அழுதாள். மறுநாள் அடக்கம் முடிந்ததும் அவளே போய்க் கிரீடத்தை ஏற்றினாள்.

அதற்குப் பிறகு தெருவில் யார் போனாலும் அவளிடம் வந்து சொல்ல ஆரம்பித்தார்கள். மாரியம்மனைக் கும்பிடுகிற வீட்டுச் சாவுக்கும் இறக்குவாள். ஊருக்குள்ளே ஒரு நிலக்காரர் இருந்தார். நாற்று அடர்த்தியாக இருக்கிறதென்று ஒரு நாள் வயலிலேயே நிற்கவைத்து அவளை வாய்க்கு வந்தபடி திட்டியவர். அவர் செத்த அன்றைக்கும் கோயிலுக்குப் போனாள். "அந்த ஆளுக்குமாடி?" என்று எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது. "அவனையும் ஒருத்தி பத்து மாசம் சொமந்துதான பெத்தா? அந்தக் கெழவிக்காவ எறக்குறேன்" என்றாள். அந்த அம்மா போய்ச் சேர்ந்து முப்பது வருடம் ஆகியிருக்கும்.

இனி சொல்லப்போவது உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். மீதிப் பேர் என் வாயால் கேட்டுக்கொள்ளுங்கள்.

போன வருடம் என் மகளுக்குப் பிரசவம் சிக்கலாகிக் காஞ்சிபுரத்தில் சேர்த்திருந்தோம். இரண்டு உயிரில் ஒன்றுதான் கிடைக்கும் போலிருந்தது. செங்கோல் ஒரு நாள் நடவை விட்டுவிட்டு எனக்குத் துணைக்கு வந்து ஆஸ்பத்திரிப் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தாள். நான் வாய்விட்டே வேண்டிக்கொண்டேன்: "தாயே, ரெண்டு பேரையும் காப்பாத்திக் குடு. உன் தலைக்கு என்னைக்கும் இறங்காத கிரீடம் வைக்கிறேன்." அவள் சட்டென்று என் கையைப் பிடித்தாள். "வோணாம் டீச்சரக்கா. அம்மாகிட்ட கேக்கறதுக்கு இன்னாத்துக்கு லஞ்சம்? சும்மா கேளுங்க, குடுப்பா." நான் கையை உதறிவிட்டேன். மகள் உள்ளே கிடக்கிற நேரத்தில் எனக்குப் புத்தி சொல்ல வந்துவிட்டாளே என்று இருந்தது.

மகளும் பிழைத்தாள், பேரனும் பிழைத்தான். பொன்முலாம் பூசிய கிரீடம் செய்யக் கொடுத்தேன். ஆகஸ்டில் மாதா அரசித் திருநாளுக்கு ஃபாதர் அதை மந்திரித்து வைத்தார். 'இறங்காத' என்று நேர்ந்துவிட்டேனே! பூசை முடிந்ததும் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, இரண்டு கலவையைப் பிசைந்து ஒட்டுகிற பசையைப் போட்டுக் கிரீடத்தைத் தலையோடு சேர்த்து இறுக்கச் சொன்னேன். செங்கோல் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "யார்னா செத்தா?" என்று மட்டும் கேட்டாள். "சாவு விழுந்தா மோட்சத்தை இழுத்து மூடிடுவாங்களா? ராணி என்னைக்கும் ராணிதான்" என்றேன். ஃபாதரிடம் போனோம். "ரெண்டு பேர் சொல்றதுலயும் விசுவாசம் இருக்கு, நீங்களே பேசி முடிவு பண்ணுங்க" என்று சொல்லிவிட்டு பைக்கை எடுத்துக்கொண்டு அடுத்த கிராமத்துப் பூசைக்குப் போய்விட்டார்.

அடுத்த மாதமே மேலத் தெருவில் ஒரு பெரியவர் போனார். செங்கோல் கிரீடத்தைத் தொட்டுப் பார்த்தாள், அசையவில்லை. மாதாவின் புடவைத் தலைப்பை எடுத்துக் கிரீடம் தெரியாமல் முக்காடு போட்டுவிட்டாள். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும், உங்களுக்கே தெரியும். எல்லார் எதிரிலும் போய் அந்த முக்காட்டை இழுத்துவிட்டேன். "இது என்ன உன் வூட்டு பொம்மையா, உன் இஷ்டத்துக்கு மூடறதுக்கு?" என்று கேட்டேன். அவள் கத்தவில்லை. "ஒங்க வூட்டு பொம்மையும் இல்ல டீச்சரக்கா" என்றாள். அத்தோடு பேச்சு நின்றது. கிறிஸ்துமஸுக்குக்கூட இரண்டு பேரும் தனித்தனியாகத்தான் குடிலுக்கு வந்தோம். புடவையும் மாற்றவில்லை. ஒருத்தி இல்லாமல் இன்னொருத்தி திரையை இழுக்க மாட்டாள் என்பதால் மாதா ஐந்து மாதமாக ஒரே புடவையில் நின்றாள்.

சாவு அன்றைக்குக் காலையில் அவள் என் வாசலில் நின்று, "டீச்சரக்கா" என்று கூப்பிட்டாள். ஐந்து மாதத்தில் முதல் தடவை. நான் கோலமாவு டப்பாவை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன். காது கேட்காதவள் போல! இரண்டாவது தடவை கூப்பிட்டால் பேசலாம் என்று உள்ளே நின்றுகொண்டிருந்தேன். அவள் கூப்பிடவில்லை, வேலைக்கு நேரமாகியிருக்கும்.

மூன்று மணிக்கு உடல் வந்தது. நான் போய்த் தலைமாட்டில் உட்கார்ந்தேன். எனக்கு அழுகை வரவில்லை. கால் விரலிடுக்கில் சேறு காயாமல் இருந்தது, அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். காலையில் நட்ட வயலின் சேறு. அது இன்னும் ஈரமாக இருக்கும்போது இவள் எப்படிச் செத்திருக்க முடியும் என்று புத்தி முரண்டு பிடித்தது. லூர்து என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து சொன்னாள்: "டீச்சரு, கால நாஷ்டா சாப்டும்போது சொல்லிக்கினு இருந்தா. 'அக்காவக் கூப்ட்டேன், உள்ள பூட்டாங்க. சாயந்திரம் வூட்டுக்கே போயி கையப் புட்ச்சி இஸ்துகினு வந்துடறேன், மாதாவுக்குப் பொடவ மாத்தணும், பாவமா கீது'ன்னு."

அதற்குள் வாசலில் ஏதோ தயக்கம். மேளக்காரர்கள் பறையைத் தீயில் காய்ச்சிவிட்டுக் கையில் குச்சியோடு உட்கார்ந்திருக்கிறார்கள். யாரும் அடி என்று சொல்லவில்லை. தெருவே என்னைப் பார்க்காத மாதிரி என்னைப் பார்க்கிறது. கடைசியில் அவள் புருஷன் அந்தோணி என் முன்னால் வந்து நின்றார். கொத்து வேலை பார்க்கிற ஆள், அதிகம் பேசாதவர். கையைக் கட்டிக்கொண்டு கேட்டார்: "டீச்சரு, கிரீடம் வராதுன்னு தெரியும். மாதாவுக்கு முக்காடாவது போட்டுடட்டுமா?"

ஐயோ, செத்துப்போன பெண்டாட்டிக்காக ஒரு மனுஷன் என்னிடம் அனுமதி கேட்கிறாரே! பூமி பிளந்து என்னை விழுங்கியிருக்கக் கூடாதா? எழுந்து வெளியே வந்தேன். ஆனால் எனக்குப் பயம். உண்மையைச் சொல்கிறேன், கோயில் பக்கம் திரும்பாமல் வாசலிலேயே நின்றேன். இறங்காத கிரீடம் என்று வாக்குக் கொடுத்தவள் நான். என் மகள் உயிருக்கும் பேரன் உயிருக்கும் ஈடாகக் கொடுத்த வாக்கு. அதில் கை வைத்தால் அங்கே ஏதாவது ஆகிவிட்டால்? செங்கல்பட்டில் இருக்கும் மகளுக்கு போன் போட்டு விஷயத்தைச் சொன்னேன். அவள் செங்கோலின் பெயரைச் சொல்லி ஓவென்று அழுதாள். பிறகு சொன்னாள்: "இதக் கேக்கவா போன் பண்ண? மாதாவே புள்ளைய பறிகுடுத்தவங்கம்மா. எனக்கு ஏதாவது பண்ணுவாங்களா? மொதல்ல போய் எறக்கு."

அந்தோணியின் சாமான் பையிலிருந்து இரும்பு அறுக்கிற ஆக்ஸா பிளேடை எடுத்துக்கொண்டு கோயிலுக்குப் போனேன். லூர்து கூட வந்தாள். பழக்கதோஷம், திரையை இழுத்துவிட்டேன். லூர்து சுரூபத்தைத் தோளோடு அணைத்துப் பிடித்துக்கொள்ள, நான் ஸ்டூலில் ஏறி நின்று மோட்ச ராணியின் தலையை அறுத்தேன். வேறு எப்படிச் சொல்வது? பொன்முலாம் பொடிப்பொடியாக என் புடவையில் கொட்டியது. பாதிக்கு மேல் பிளேடு போகவில்லை. இரண்டு கையாலும் பிடித்துத் திருகினேன். படீரென்று ஒரு சத்தம். கிரீடம் கையோடு வந்தது, கூடவே உச்சந்தலையிலிருந்து உள்ளங்கை அகலத்துக்குப் பிளாஸ்டரும் வந்துவிட்டது. நீலச் சாயத்துக்கு நடுவே வெள்ளை வெளேரென்று ஒரு காயம். லூர்து, "சேசு மரி சூசை!" என்று கத்தி வாயைப் பொத்திக்கொண்டாள். நான் அந்தக் காயத்தின் மேல் கையை வைத்து அழுத்தினேன், ரத்தம் வந்துவிடுமோ என்பது போல. அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. நான் போட்ட சத்தம் வாசல் வரைக்கும் கேட்டிருக்க வேண்டும். அங்கே முதல் மேளம் விழுந்தது.

சுரூபத்தை உடைத்துவிட்டாள் டீச்சர் என்று சிலர் பேசுவது என் காதுக்கும் வந்தது. ஆமாம், உடைத்தேன். உடைத்தது அன்றைக்கு இல்லை. ஆகஸ்டில் பசை போட்டபோதே உடைத்துவிட்டேன். வாக்கு என்னவாயிற்று என்று கேட்பவர்களுக்கும் சொல்கிறேன். என் பேரனுக்கு நேற்று இரண்டாவது பல் முளைத்திருக்கிறது. யாரைக் கண்டாலும் கடிக்கிறான்.

மறுநாள் அடக்கம் முடிந்து கல்லறைத் தோட்டத்திலிருந்து எல்லாரும் திரும்பினோம். குளித்துவிட்டு நேராகக் கோயிலுக்குப் போனேன். கிரீடத்தை ஏற்றுவதற்கு முன்னால் செங்கோல் மாதாவிடம் ஒரு வார்த்தை சொல்வாள். எத்தனை சாவுக்கு நான் பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறேன்! "அழுது முடிச்சாச்சு தாயே, வச்சிக்கோ." நான் கிரீடத்தைக் கையில் எடுத்தேன். அழுது முடித்ததாகச் சொல்ல எனக்கு வரவில்லை. திரும்பக் காலடியிலேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

இன்றோடு முப்பது நாள். கிரீடம் அங்கேயேதான் இருக்கிறது. ஃபாதர் இரண்டு தடவை கேட்டார். கோயில் கமிட்டியில் கேட்டார்கள். பெயிண்டரை அழைத்து உச்சந்தலையைப் பூசிவிடலாம் என்றார்கள். பூச வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன், சரி என்று விட்டுவிட்டார்கள். இதற்கிடையில் நேற்று லூர்துவைக் கூட்டிக்கொண்டு போய்த் திரையை இழுத்து மாதாவுக்குப் புடவை மாற்றினேன். லூர்துவுக்கு மடிப்பு வரவில்லை. எனக்கும் கொசுவம் சரியாக நிற்கவில்லை, அது எப்போதும் செங்கோல் பிடிப்பது.

அவளிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டது ஒன்றுதான். இப்போதெல்லாம் நான் மாதாவிடம் எதையும் தருகிறேன் என்று சொல்லிக் கேட்பதில்லை. சும்மா போய் நின்று கேட்கிறேன். முதலில் கூச்சமாக இருந்தது. அறுபது வயதை நெருங்குகிறவள் வெறுங்கையோடு போய் நிற்பது எனக்குப் பழக்கமில்லை.

பூசை முடிந்ததும் நீங்கள் யாரும் எழுந்து போகாதீர்கள். இன்றைக்கு உங்கள் எல்லாருக்கும் முன்னால் கிரீடத்தை ஏற்றப் போகிறேன். பசை இல்லை, ஆணி இல்லை. ஒரு பக்கம் நெளிந்து போயிருக்கிறது, சாய்ந்துதான் நிற்கும். அவள் சொன்ன வார்த்தையை என்னால் சொல்ல முடியாது, அது பொய்யாகிவிடும். எனக்கு வாயில் வருவதை மாதாவிடம் சொல்லித்தான் வைக்கப் போகிறேன்: "இன்னும் அழுது முடிக்கல தாயே. ஆனாலும் வச்சிக்கோ."